பனி படியாமலே விழுந்த பள்ளம்

டிரில் மாஸ்டரின் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரிடமும், 'வீட்டிலிருந்து பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வா' என்று எவரும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லும் இடத்தில்தான் அவர் இருந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் விசிலும் வெள்ளைக் கால்சட்டையுமாக நின்ற காலத்தில் எத்தனையோ பையன்களை அப்படிச் சொல்லித் துரத்தியிருக்கிறார். மறுநாள் அவர்களுடைய அப்பாக்கள் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு மனிதன் இந்த நிலைமைக்கு வரலாமா என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வார். ஓய்வு பெற்ற பிறகும் அவர் முதுகு வளையவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதன் சாய்மானத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆகவே, முப்பது வயதைத் தாண்டிய, டாக்டர் பட்டம் வாங்கிய மகள் ஒரு மாலை வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியபடியே, "அப்பா, நாளைக்கு உங்களை நிறுவனத்துக்குக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க" என்றபோது, அவர் கையிலிருந்த செய்தித்தாளை நான்காக மடித்து மேஜைமேல் வைத்தார்.

"எதுக்கு?"

"நான் அளந்த எண் சரியில்லையாம்."

"சரியில்லைன்னா திருத்திக் குடு. அதுக்கு நான் எதுக்கு?"

"எண் சரியாத்தான்பா இருக்கு. அதுதான் பிரச்சினை."

சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "நல்லாக் கேட்டுக்குங்க. ஊர்ல பொண்ணுங்க காதல் கத்தரிக்காய்னு அப்பனைத் தலைகுனிய வைப்பாங்க. உங்க பொண்ணு ஐஸ்கட்டிக்காகத் தலைகுனிய வைக்கப் போறா."

ஐஸ்கட்டிதான், ஆனால் தண்ணீரில் ஆனது அல்ல. மகள் வேலை பார்த்த நிறுவனம், கார்பன் டை ஆக்சைடு வாயுவை உறைய வைத்து, அந்தப் பனியின் வழியே அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளியை அது விழுங்குகிறது என்று அளப்பதற்கென்றே ஏற்பட்டது. செவ்வாய்க் கிரகத்தின் துருவத்தில் அந்தப் பனிதான் படிந்து கிடக்கிறதாம். தொலைநோக்கியில் தெரிவது அதுவா வேறொன்றா என்று சொல்ல வேண்டுமானால், முதலில் இங்கே ஓர் அறையில் அதைப் படிய வைத்து ஒழுங்காக அளந்து வைத்திருக்க வேண்டும். மகள் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் இதை விளக்கியபோது டிரில் மாஸ்டருக்குப் பாதி புரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் கண்ணுக்குத் தெரியாத வாயுவின் பனிக்குள் விட்டுப் பார்க்கிறார்கள். அந்தப் பாதியே போதும் என்று விட்டுவிட்டார். மகள் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறாளா என்பதுதான் அவருடைய துறை.

"நான் வர மாட்டேன்னா என்ன பண்ணுவாங்க?"

"பிழை மண்டபத்துல தகடு அடிப்பாங்கப்பா."

விஷயம் இதுதான். அந்த நிறுவனத்தை நிறுவியவர் அந்தக் காலத்தில் இதே பனியை அளந்து ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவருக்குப் பின் எவர் அளந்தாலும் அந்த எண்தான் வர வேண்டும். வராவிட்டால் வந்த எண் பிழை. அந்தப் பிழைக்கு அளந்தவருடைய குடும்பப் பெயரைச் சூட்டி, பித்தளைத் தகட்டில் பொறித்து, மண்டபத்துச் சுவரில் திருகி, வருகிற போகிற விருந்தினருக்கெல்லாம் காட்டுவார்கள். தப்பிக்க ஒரே வழி உண்டு. குடும்பத்துப் பெரியவர் நேரில் வந்து, எங்கள் வீட்டுப் பிள்ளை இனி இப்படி அளக்காது என்று சொல்லி வருத்தம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் தகடு இல்லை. வேலையும் நிரந்தரமாகும்.

"குடும்பப் பேரையா பொறிப்பாங்க? எங்கப்பா பேரையா?"

"ஆமாம்பா. 'இன்னார் குடும்பப் பிழை'ன்னு."

டிரில் மாஸ்டர் எழுந்து போய் மறுநாளைக்கு வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். ஏற்கெனவே இஸ்திரி போட்ட சட்டை அது.

மறுநாள் நிறுவனத்து வாசலில் வெள்ளைக் கையுறை அணிந்த வரவேற்பு அதிகாரி காத்திருந்தார். அப்பாவையும் மகளையும் நேராக மண்டபத்துக்கு அழைத்துப் போய் ஒரு பெரிய புகைப்படத்தின் முன் நிறுத்தினார். படத்துக்குக் கீழே ஓர் அகலமான வெள்ளிக் கிண்ணத்தில் வெந்நீர் இருந்தது. அதிகாரி இடுக்கியால் ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்து அதில் போட்டார். கிண்ணம் குமுறிக்கொண்டு வெண்புகையைக் கக்கியது. புகை மேஜை விளிம்பில் வழிந்து தரையில் இறங்கி டிரில் மாஸ்டரின் பளபளத்த ஷூவை மூடியது.

"குளிர் மரியாதை," என்றார் அதிகாரி. "எங்க நிறுவனருக்குப் பிரியமான உலர்பனி. இங்க எது ஆரம்பிச்சாலும் இதை வச்சுத்தான் ஆரம்பிப்போம். கூட்டமா இருந்தாலும் சரி, அளவீடா இருந்தாலும் சரி. போன மாசம் கழிப்பறை திறந்தப்பக்கூட வச்சோம்."

படத்தில் நிறுவனர் ஒரு கருவியின்மேல் நன்றாகக் குனிந்து, வாயை அகலத் திறந்து பேசிக்கொண்டிருந்தார். கருவிக்கு மறுபுறம் சீடர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, அவர் வாயிலிருந்து வருவதை வாயாலேயே வாங்கிக்கொள்ளத் தயாரானவர்கள்போல, அவர்களும் வாயைப் பிளந்திருந்தார்கள்.

"உலகப் புகழ்பெற்ற அந்த அளவீடு நடந்த அதே நிமிஷம்," என்றார் அதிகாரி, குரல் தழுதழுக்க. "நிறுவனர் பேசிக்கிட்டேதான் அளப்பாரு. பேச்சும் நிக்காது, அளவும் நிக்காது."

படம் தாழ்வாக மாட்டப்பட்டிருந்தது. டிரில் மாஸ்டருக்கு அது வயிற்று உயரத்தில் இருந்தது. எதிர்ச் சுவரில் வரிசையாகப் பித்தளைத் தகடுகள். அவையும் இடுப்புக்குச் சற்று மேலே, குழந்தைகள் உயரத்துக்கு அடித்தவைபோல இருந்தன.

"ஏன் எல்லாமே இவ்வளவு தாழ்வா இருக்கு?"

"விதிமுறைங்க. தகடு அடிக்கும்போது குடும்பத்துப் பெரியவர் சுவரோரமாத் தலைகுனிஞ்சு நிப்பாரு. அவர் நெத்தி எந்த உயரத்துல இருக்கோ, அங்கதான் அடிக்கணும். தச்சர் அளவுகோல் வச்சுக் குறிப்பாரு. படமும் அப்படித்தான், கும்பிடறவங்க கண்ணுக்கு நேரா இருக்கணும்னு கீழ வச்சிருக்கோம். அளவு விஷயத்துல நாங்க ரொம்பக் கறார்."

"வருத்தம் தெரிவிச்சாத்தான் தகடே இல்லையே?"

"தெரிவிக்கிறவங்க இயக்குநர் அறையில குனிவாங்க. தெரிவிக்காதவங்க இங்க வந்து குனிவாங்க. குனியறது பொது."

டிரில் மாஸ்டர் தகடுகளை ஒருமுறை பார்த்தார். யாரோ ஒருவருடைய அப்பா, யாரோ ஒருவருடைய தாத்தா, இடுப்பளவு உயரத்தில், அன்றாடம் துடைக்கப்பட்டு மினுமினுத்துக்கொண்டிருந்தார்கள்.

இயக்குநரின் அறைக்குப் போகும் நடையில் ஒரு கண்ணாடிப் பேழை இருந்தது. உள்ளே நீல வெல்வெட் துணிமேல் ஒன்றுமே இல்லை. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதுல என்ன இருந்துச்சு?"

"கருவியோட ஜன்னல்பா. காசு அளவுதான் இருக்கும். சாதாரணக் கண்ணாடியில அகச்சிவப்பு ஒளி போகாது. அதனால உப்புப் படிகத்துல பண்ணது. ஈரம் பட்டாக் கரைஞ்சிடும். ஆனா கட்டடத்துல இருக்கிற எல்லா ஜன்னலையும் தினம் ஈரத்துணியால துடைக்கணும்னு இயக்குநர் உத்தரவு."

"இதையுமா துடைச்சாங்க?"

"எல்லா ஜன்னலையும்னுதானே உத்தரவு."

"விசாரணைக் குழு போட்டோம்," என்று வரவேற்பு அதிகாரி பெருமையோடு குறுக்கிட்டார். "ஜன்னல் யார்கிட்டயும் சொல்லாமப் பணியிலிருந்து படிப்படியா விலகிடுச்சுன்னு தீர்ப்பு வந்துச்சு. துடைச்சவருக்குப் பதவி உயர்வு."

இயக்குநரின் அறையில் இருந்த சோபா, வருகிறவர்களை முழங்கால் வரை விழுங்கும்படி தயாரிக்கப்பட்டது. டிரில் மாஸ்டர் அதன் விளிம்பில் ஓர் அங்குலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மகள் நின்றாள். அவளை உட்காரச் சொல்லவில்லை.

இயக்குநர் கனத்த மனிதர். பேசுவதற்கு முன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, பேசி முடிக்கும் வரை அதை எதிரிலிருப்பவர் முகத்தில் விட்டுக்கொண்டே இருப்பார். ஏலக்காயும் பழைய பல்லும் கலந்த வாடை.

"மாஸ்டர், நீங்களும் ஒழுங்கு கத்துக்குடுத்தவர். அதனால உங்களுக்குப் புரியும். இயற்கைன்னு ஒண்ணு இருக்கே, அதைக் கவனிக்காம விட்டா இஷ்டத்துக்குப் போகும். இந்த நிறுவனம் இத்தனை வருஷமா அதைக் கைக்குள்ள வச்சிருக்கு. உங்க பொண்ணு என்ன பண்ணியிருக்கா தெரியுமா? எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, கதவைச் சாத்திக்கிட்டு, வாயைத் திறக்காம, தனியா உட்கார்ந்து அளந்திருக்கா. குளிர் மரியாதை கிடையாது. தொடக்கவுரை கிடையாது. பெரியவங்க யாரும் இல்லாத இடத்துல வந்த எண்ணுக்கு என்ன மதிப்பு?"

"எண் எவ்வளவு வித்தியாசம்ங்க?"

"வித்தியாசம் எவ்வளவுங்கிறதா முக்கியம்? வித்தியாசம் இருக்குங்கிறதுதான் முக்கியம்."

டிரில் மாஸ்டர் குழம்பிப்போனார். ஓட்டப் பந்தயத்தில் யார் முதலில் வந்தான் என்று தகராறு வந்தால் மறுபடி ஓட விடுவது அவர் வழக்கம். "வேற யாரையாவது விட்டு இன்னொரு தடவை அளந்து பாத்திருக்கலாமேங்க?"

இயக்குநர் புண்பட்டவராகக் கண்ணை மூடினார். "அளந்து பாத்தா, நிறுவனரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடாதா? நான் இந்த நாற்காலிக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. ஒரு தடவைகூட நான் எதையும் அளந்ததில்லை. கருவியைத் தொட்டதுகூட இல்லை. ஏன்? நம்பிக்கை! அந்த நம்பிக்கை இல்லாதவங்கதான் அளக்கிறாங்க."

"அப்படின்னா இந்த நிறுவனத்துல..." என்று தொடங்கிய டிரில் மாஸ்டர் எதைக் கேட்பது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

"இருந்தாலும் நாங்க கொடுமைக்காரங்க இல்லை," என்றார் இயக்குநர். "நாளைக்கு நிறுவனர் நினைவு அளவீடு. ஆட்சிக் குழு மொத்தமும் வருது. உங்க பொண்ணே எல்லார் முன்னாடியும் அளக்கட்டும். நிறுவனரோட எண்தான் வரும். வந்ததும் நீங்க எந்திரிச்சு நாலு வார்த்தை வருத்தம் சொல்லிட்டுக் குனிஞ்சீங்கன்னா, அதோட முடிஞ்சுது."

"அதே எண் வரும்னு இப்பவே எப்படிங்க தெரியும்?"

"ஆட்சிக் குழு இருக்கும்போது வேற எண் வந்ததே இல்லை."

அன்று மாலை வீட்டில் டிரில் மாஸ்டர் மகளை எதிரே உட்கார வைத்தார். கோபம் அவளிடமா, அந்த ஏலக்காய் வாடையிடமா என்று அவருக்கே பிரித்துத் தெரியவில்லை.

"அவங்க சொல்ற எண்ணைச் சொல்லிட்டுப் போனா உனக்கு என்ன குறைஞ்சு போகுது? செவ்வாய்க் கிரகத்துக்காரன் வந்து கேக்கப் போறானா?"

"அப்பா, விசில் ஊதறதுக்கு முன்னாடி ஓடின பையனை நீங்க என்ன பண்ணுவீங்க?"

"கோட்டுக்குத் திரும்பி வரச் சொல்வேன்."

"பள்ளிக்கூடத் தாளாளர் பையனா இருந்தா?"

"அவனையும்தான். ரெண்டு தடவை வரச் சொல்லியிருக்கேன்."

"அதனாலதான் கடைசி வரைக்கும் அந்த விசிலோடயே வீட்டுக்கு வந்தீங்க," என்றாள் மனைவி, தட்டுகளை அடுக்கியபடி. "வேற என்னத்தைக் கண்டோம். அப்பனுக்கு ஏத்த பொண்ணு. நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து செவுத்துல ஏறுங்க."

மகள் சிரிக்கவில்லை. "நீங்க வருத்தம் தெரிவிக்கணும்னு தோணினாத் தெரிவியுங்கப்பா. தாத்தா பேரு, எனக்குப் புரியுது. ஆனா கேட்டா என் எண்ணைத்தான் நான் சொல்வேன்."

டிரில் மாஸ்டர் குனிவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தார். இடுப்பிலிருந்தா, கழுத்திலிருந்தா? மற்றவர்களுக்கு எத்தனையோ முறை செய்து காட்டிய பயிற்சிதான். ஆனால் அது கால்விரலைத் தொடுவதற்காக.

நினைவு அளவீடு நடந்த ஆய்வறை சின்னது. நடுவில் மேஜைமேல் எஃகுப் பானை ஒன்று, அதிலிருந்து குழாய்கள், ஓரத்தில் பம்பு. பானைக்குள்ளே காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு, நடுவிலிருக்கும் உப்பு ஜன்னலைக் கடுங்குளிராக்கி, வாயுவை இழை இழையாக உள்ளே விட்டால் ஜன்னல்மேல் பனி கண்ணாடிபோலப் படியும். ஒரு பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒளி புறப்பட்டு, பானை வழியே போய், மறுபக்கம் விழும். பெட்டிக்கும் பானைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு மெல்லிய குழாய் 'உஸ்' என்று நைட்ரஜனை ஊதிக்கொண்டிருந்தது. அங்கே வேறு காற்று வந்து நிற்காமலிருக்க அது வேண்டும் என்று மகள் அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தாள்.

ஆட்சிக் குழுவினர் வந்தார்கள். பதவி உயர உயர இருக்கை கருவிக்கு அருகே இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அளவீட்டோடு சம்பந்தமில்லாதவர்கள் கருவியை ஒட்டியும், அளக்க வேண்டியவள் சுவரை ஒட்டியும் இருந்தார்கள். இயக்குநரின் மோவாய் அந்த ஒரு சாண் இடைவெளிக்கு நேர் மேலே இருந்தது. விருந்தினருக்குக் குளிரக் கூடாது என்று ஜன்னல்களையும் கதவையும் சாத்தினார்கள். பிறகு நான்கு மூலைகளிலும் வெள்ளிக் கிண்ணங்களை வைத்துக் குளிர் மரியாதை செய்தார்கள். புகை எழும்பி, தரையை நிரப்பி, நாற்காலிக் கால்களில் ஏறியது.

இயக்குநர் தொடக்கவுரையை ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "அது என்ன சத்தம், உஸ் உஸ்னு?"

"நைட்ரஜன் ஐயா," என்றாள் மகள். "அது இல்லைன்னா நடுவுல இருக்கிற காத்தும்..."

"நான் பேசும்போதா? நிறுத்துங்க."

வரவேற்பு அதிகாரி கையுறையோடு போய் சிலிண்டரை மூடினார். இயக்குநர் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, நிறுவனரின் எளிமை, நிறுவனரின் பணிவு, அவர் படத்தைப் பார்த்துத் தனக்கு வந்த கண்ணீர், தன்னைப் பார்த்து மற்றவர்களுக்கு வந்த கண்ணீர் எல்லாவற்றையும் அந்த இடைவெளிக்குள் கொட்டினார். அவர் முடித்ததும் துணை இயக்குநர் எழுந்து, இயக்குநரின் உரை தன்னை எந்த வகையில் மூச்சுத் திணற வைத்தது என்பதை விளக்கினார். அடுத்து எழுந்தவர் இருவரையும் பாராட்டினார். அறைக்குள் காற்று கம்பளிபோல் கனத்தது.

"இப்ப அளவீடு!" என்றார் இயக்குநர்.

மகள் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. சமமாகப் போய்க்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் கயிறு அறுந்த வாளிபோல் விழுந்து, அடிமட்டத்தில் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு, மறுபடி ஏறியது. அகலமான, ஆழமான பள்ளம். சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த நிறுவனரின் பள்ளமும் இதுவும் ஒரே அச்சு.

கைதட்டல் எழுந்தது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரவேற்பு அதிகாரி டிரில் மாஸ்டரின் முழங்கையைத் தொட்டு, எழுந்து வருத்தம் தெரிவிக்கும்படி சைகை செய்தார். டிரில் மாஸ்டர் எழுந்துவிட்டார். அப்பா பெயர் தப்பிக்கட்டும் என்று வார்த்தையை நாக்கில் வைத்துக்கொண்டுதான் எழுந்தார்.

"ஐயா," என்றாள் மகள். "நான் இன்னும் பனியே படிய விடலைங்க."

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

"என்ன?"

"பானைக்குள்ள ஒண்ணுமே இல்லை. ஜன்னல் வெறும் ஜன்னலா இருக்கு. பனி போடறதுக்கு முன்னாடி வெறுமனே ஒரு கோடு எடுத்துப் பாக்கறது வழக்கம். அதைத்தான் எடுத்தேன். இதுல தெரியறது பனி இல்லைங்க ஐயா. நம்ம விடற மூச்சுலயும் அதே வாயுதான் இருக்கு, இந்தப் புகையும் அதேதான். அது நடுவுல நின்னு ஒளியை விழுங்குது."

மூலைகளில் கிண்ணங்கள் குமுறிக்கொண்டிருந்தன. டிரில் மாஸ்டருக்கு மண்டபத்துப் படம் கண்முன் வந்தது. கருவிமேல் கவிந்த அந்தத் திறந்த வாய். சுற்றிலும் பிளந்த வாய்கள். இத்தனை காலமாக இவர்கள் சட்டமிட்டு மாட்டி வைத்திருப்பது எந்தப் பனியின் எண்ணும் அல்ல. ஒரு கூட்டத்தின் வாய்க்காற்று. அதற்கு முன்னால்தான் இத்தனை வீட்டு அப்பாக்களும் தாத்தாக்களும் நெற்றியைத் தாழ்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள். நாக்கில் வைத்திருந்த வார்த்தையை எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

இயக்குநர் எழுந்தார். இனி தலைகவிழ்ந்து உட்காருவார் என்று டிரில் மாஸ்டர் எதிர்பார்த்தார். அந்த மனிதரின் முகமோ வெற்றியில் பளபளத்தது.

"கேட்டீங்களா? எல்லாரும் கேட்டீங்களா? சாதாரண ஆளுக்கு இந்த எண் வரணும்னா பனி வேணும், குளிர் வேணும், பம்பு வேணும். நம்ம நிறுவனரோட எண்ணுக்குப் பனிகூட வேண்டாம்! வெறும் பானையிலேயே வருது! இதைவிட நிரூபணம் வேற என்ன வேணும்?"

முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். துணை இயக்குநர் அந்த இடத்திலேயே ஒரு தீர்மானம் முன்மொழிந்தார். பனி இல்லாமலே அளவு வருவதால், இனிமேல் பனியைப் படிய வைக்கும் பழக்கத்தை நிறுவனம் கைவிடுகிறது. பனி தேவைப்படுவது நம்பிக்கைக் குறைவின் அடையாளமாகக் கருதப்படும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வழிமொழிந்தவர் வழிமொழிந்த கையோடு ஒரு நீண்ட கொட்டாவி விட்டு, நாற்காலியிலிருந்து மெல்ல வழுக்கிப் புகைக்குள் மறைந்தார்.

"பக்தியில மெய்மறந்துட்டாரு," என்றார் இயக்குநர். அவருக்கும் நாக்குக் குழறியது. இன்னொருவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மகள் பதறிப்போய், "அப்பா, கதவைத் திறங்க! புகை சேந்து போச்சு, யாருக்கும் மூச்சுக் காத்து இல்லை!" என்றாள்.

அதற்குமேல் டிரில் மாஸ்டருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்ட அந்தக் குரல் வெளியே வந்தது.

"எல்லாரும் எந்திரி! கீழ விழுந்தவரை ரெண்டு பேர் தூக்கு! வாயை மூடு! வரிசை! இடது கால், வெளியே நட!"

ஆட்சிக் குழு உடனே எழுந்து வரிசையில் நின்றது. யார் உத்தரவு போடுகிறார்கள் என்று பார்க்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. இயக்குநர் முதலாவதாக, துணை இயக்குநர் அவர் தோளைப் பிடித்தபடி, ஒருவர் பின் ஒருவராகப் புல்தரைக்கு நடந்தார்கள். டிரில் மாஸ்டர் ஜன்னல்களையெல்லாம் தள்ளித் திறந்தார். கிண்ணங்களைத் தூக்கி வெளியே கவிழ்த்தார். கடைசியாக மகள் பக்கம் திரும்பினார்.

"நீங்களும்தான்பா," என்றாள் அவள்.

அவர் வெளியே போய் கதவை மூடி, அதன் கண்ணாடிச் சதுரத்தின் வழியே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அவசரப்படவில்லை. அறை தெளியும் வரை காத்திருந்தாள். சிலிண்டரைத் திறந்து, ஜன்னலைக் குளிர வைத்து, வால்வை மயிரிழை அளவு திருகி வாயுவை உள்ளே விட்டாள். நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள், முதுகு நேராக. பிறகு பச்சைக் கோடு ஊர்ந்தது. ஓரிடத்தில் ஒடுக்கமாக, ஊசியால் இழுத்ததுபோல ஒரு பள்ளம் விழுந்து, சுத்தமாக மேலே ஏறியது. டிரில் மாஸ்டருக்கு அதன் பொருள் தெரியாது. ஆனால் கோட்டில் நிற்பவனையும் கோட்டைத் தாண்டி நிற்பவனையும் தூரத்திலிருந்தே பிரித்தறியும் கண் அவருடையது.

புல்தரையில் காற்று வாங்கித் தெளிந்த ஆட்சிக் குழு, அங்கேயே கூட்டத்தைத் தொடர்ந்தது. மகள் தன் எண்ணைக் கொண்டுவந்து சொன்னாள். பழைய எண்தான், அவள் முன்பு அளந்த அதே எண்.

"செல்லாது," என்றார் இயக்குநர். "குழு உள்ள இல்லை. உறுப்பினர் யாரும் மூச்சு விடாத அறையில எடுத்தது உயிரில்லாத அளவு." பிறகு டிரில் மாஸ்டரைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். "மாஸ்டர், எங்க உயிரைக் காப்பாத்தினீங்க. உங்க மேல எங்களுக்கு மரியாதை உண்டு. ஒரே ஒரு வார்த்தை வருத்தம் சொல்லுங்க. பொண்ணுக்கு நிரந்தர வேலை. உலர்பனிக் கட்டி உடைக்கிற பிரிவுக்கே தலைவியாப் போட்டுடறேன். நாளெல்லாம் பனியோடதான் இருப்பா. அளக்கிற தொல்லை கிடையாது."

டிரில் மாஸ்டர் மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தகடு எப்ப அடிப்பீங்க?" என்றார் அவர்.

"என்ன?"

"தகடு. எங்க வீட்டுப் பேரைப் போட்டு. எழுத்து நல்லாப் பெரிசா இருக்கட்டும். எண்ணையும் போடுங்க, முழுசா."

"மாஸ்டர், அது அவமானம்."

"அப்படியா? யாருக்கு?"

இயக்குநர் மூச்சை இழுத்தார். ஆனால் முதல்முறையாக அதைப் பேச்சாக்கத் தெரியாமல் சும்மா விட்டார்.

தகடு தயாராகி வந்த அன்று மண்டபத்தில் குளிர் மரியாதை செய்தார்கள். மகள் அதற்குள் வேலையை விட்டிருந்தாள். அவளுக்கென்று இருந்த ஓர் உப்பு ஜன்னலை ஈரம் படாத டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு, அப்பாவின் பக்கத்தில் நின்றாள். தச்சர் அளவுகோலோடும் பென்சிலோடும் காத்திருந்தார். டிரில் மாஸ்டர் தகடுகள் இருந்த சுவரோரமாகப் போய், குதிகால்களைச் சேர்த்து, மைதானத்தில் கொடியேற்றும்போது நிற்பதுபோல நின்றார்.

"குனியுங்க," என்றார் வரவேற்பு அதிகாரி மெதுவாக.

"பழக்கமில்லை."

"கொஞ்சமா. சும்மா பேருக்கு."

"பேருக்காகத்தான் நிக்கிறேன்."

அதிகாரி இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் துணை இயக்குநரைப் பார்த்தார். விதிமுறைப் புத்தகத்தைக் கொண்டுவந்து புரட்டினார்கள். குடும்பத்துப் பெரியவரின் நெற்றி எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் என்றுதான் அதில் இருந்தது. குனியாத நெற்றியை அவர்கள் யோசித்துப் பார்த்ததே இல்லை. விதியை மாற்ற வேண்டுமென்றால், நிறுவனர் எழுதியதில் பிழை இருப்பதாக யாராவது ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். யாரும் எழவில்லை.

கிண்ணத்துப் புகை வழிந்து வந்து டிரில் மாஸ்டரின் முழங்கால் வரை ஏறி, அதற்குமேல் முடியாமல் நின்றது. மகளின் அம்மா கூட்டத்தின் பின்வரிசையில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். "சீக்கிரம் அடிங்கப்பா," என்றாள். "அவரு சாயங்காலம் வரைக்கும்கூட அப்படியே நிப்பாரு. எனக்குத் தெரியும், முப்பத்தஞ்சு வருஷமாப் பாக்கறேன்."

தச்சர் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு ஏறினார். அளவுகோலை டிரில் மாஸ்டரின் நெற்றிக்கு நேராகச் சுவரில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பென்சிலால் கோடு போட்டார். மற்றத் தகடுகளுக்கெல்லாம் மேலே, எதிர்ச் சுவரில் வாயைப் பிளந்து குனிந்திருந்த நிறுவனரின் தலைக்கும் மேலே, அந்த வீட்டுப் பெயரும் அந்த எண்ணும் ஏறின. அந்தக் கட்டடத்தில் மகளுக்கு அடுத்தபடியாகச் சரியாக அளந்தவர் அந்தத் தச்சர்தான்.